டீ கிளாஸில் அணைந்த சிவப்பு

கடைவீதிக்கு இன்று வேட்டி எடுக்கப் போனேன். கல்லாவில் இருந்த பெண் நான் நீட்டிய நோட்டை வாங்கி, மேசைக்கு அடியில் இருந்த நீல லைட்டைப் போட்டு அதன் கீழே பிடித்தாள். கள்ள நோட்டா என்று பார்க்கிறாளாம். என்னிடமே. இந்த விருத்தாசலத்தில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டே பேங்கில் மேனேஜர் எழுந்து நிற்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வெளிச்சம் என் வேட்டி ஓரத்தில் விழுந்தது. சோப்புத்தூள் போட்டு அலசிய துணி நிலா மாதிரி வெளுத்து எரிந்தது. காஸ்டிக் சோடாவில் கலக்கிய முட்டை வெள்ளைக்கருவின் வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. அந்தக் கடையில் முட்டையும் கிடையாது, காஸ்டிக்கும் கிடையாது. நீதான் வந்திருந்தாய்.

ஐப்பசி மழையில் நீ போனாய். நெஞ்சு வலி என்று சொன்னார்கள். நான் கேட்பவர்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன். இடி இடித்த நேரத்தில் கையில் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டே போனான் என்கிறேன். நீ இருந்தால் முறைத்திருப்பாய். முறைக்க நீ இல்லாததால் என் கதைகளுக்குக் கரையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் ஒரு கதையை மட்டும் இப்போதெல்லாம் எங்கேயும் நான் ஜோடித்துச் சொல்வதில்லை. அதை உனக்கே எழுதிவிடலாம் என்று வேட்டியைக்கூட வாங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றேன்; அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் சரக்கு இல்லை. நீ ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்து, எங்கெங்கோ கல்லூரிகளில் வேதியியல் நடத்தி, ஓய்வு பெற்று, கடைசியில் பீங்கான் பேட்டையில் கப்பு சுடுகிற என் ஷெட்டுக்கே வந்து சேர்ந்தாய். காரணம் முட்டை. உன்னுடையது கோயில் கைங்கரியக் குடும்பம். உன் வீட்டு வாசலைத் தாண்டி முட்டை உள்ளே போக முடியாது. உன் ஆராய்ச்சிக்கோ முட்டை இல்லாமல் ஆகாது. ஆகவே என் ஷெட்டில் ஒரு மூலை உனக்கு. உடைப்பது என் வேலை. நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை மட்டும் நீட்டுவாய்.

முதல் தடவை நீ விளக்கியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "தங்கம் கரைஞ்ச தண்ணிய முட்டை வெள்ளையில விட்டு, கொஞ்சம் காஸ்டிக் சேத்து, இளஞ்சூட்டுல வெச்சா, தங்கம் பத்து அணு இருபது அணுவா ஒட்டிக்கிட்டுச் சின்னச் சின்னக் கொத்தா நிக்கும்டா. முட்டை அதைப் பொத்தி வெச்சுக்கும். அவ்வளவு சின்னதா ஆயிட்டா தங்கத்தோட மஞ்சள் போயிடும். நீல லைட்டுல காட்டினா செவப்பா எரியும்."

இளஞ்சூட்டுக்கு நீ ஏதோ பெட்டி வேண்டும் என்றாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சூளையின் வெளிச்சுவரில் ஓரிடத்தில் வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நீ கையை எடுக்காமல் அப்படியே நின்றாய். பிறகு உன் குப்பியைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்து வைத்தாய். மறுநாள் அட்டைப் பெட்டிக்குள் வைத்து நீல டார்ச்சை அடித்ததும், அடுப்புத் தணல் தண்ணீரில் மிதந்த மாதிரி ஒரு சிவப்பு. மஞ்சள் தூளைக் கரைத்து ஒரு சொட்டு விட்டாய், மங்கியது. டீ டிகாஷன் ஒரு சொட்டு. வேறு விதமாக மங்கியது. நாம் தின்கிற செடி, கொடி, கிழங்கு ஒவ்வொன்றிலும் உள்ள சத்தும் சரி, விஷமும் சரி, இந்தச் சிவப்பை ஒவ்வொரு மாதிரி தொடும் என்றாய். அதை வைத்துச் சாப்பாட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தடம் பிடிக்கலாமாம்.

நான் அன்று மாலையே டீக்கடையில், என் சிநேகிதன் முட்டையிலிருந்து தங்கம் எடுக்கிறான் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஷெட்டு வாசலில் கூடை முட்டையோடு ஆள் வந்து நின்றது. நீ அவர்களை அனுப்பிவிட்டு, "உன் வாய்க்கு ஒரு மூடி செஞ்சு சூளையில போடுடா" என்றாய்.

அந்த வாய் இல்லாதிருந்தால் தங்கச்சி விஷயம் உன் காதுக்கே வந்திருக்காது. அதையும் கணக்கில் வை.

என் தங்கச்சியை உனக்குத் தெரியும். கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தாள். மாப்பிள்ளை ஆட்டோ எடுத்தார். அவள் ஜங்ஷன் ரோட்டில் தள்ளுவண்டி போட்டு மரவள்ளிக்கிழங்கு அடை சுட்டாள். கிழங்கைச் சீவி வெயிலில் காயவைத்து அரைத்த மாவு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், ஓரம் மொறுமொறுவென்று. அந்த அடைக்காக எக்ஸ்பிரஸ் ரயில்கள் இந்த ஊரில் கூடுதலாக நின்று போகும். சரி, ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் ஒரு மாமியாரும் மருமகளும் அவள் வண்டியில் அடை தின்றுவிட்டுப் போய், வாந்தியும் தலைசுற்றலுமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மறுநாளே எழுந்துவிட்டார்கள். ஆனாலும் பேச்சு எழுந்தது எழுந்ததுதான். உணவுத் துறை அலுவலர் வந்து, வண்டிக்கு அடியில் இருந்த டிரம்மிலிருந்து மாவு எடுத்துக் கட்டிக்கொண்டு, முடிவு வரும்வரை அடுப்பு மூட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவள் வண்டிக்கு ஊர் 'விஷ அடை' என்று பேர் வைத்துவிட்டது. எதிர்க் கடைக்காரன் அவள் நிழல் தன் பலகாரத்தில் விழாமல் தட்டியை இறக்கிக் கட்டினான்.

நிலத்தை விட்டுக்கொடுத்தபோதுகூட அழாதவள் அவள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கேட்க ஒரு வார்த்தை விட்டாள். தேர் நிலைக்கு வருகிற அன்று சாயங்காலம், இதே இடத்தில், இதே மாவில் அடை சுட்டு, தட்டு நிறைய எல்லார் முன்னாலும் தின்று காட்டுவாளாம். "விழுந்தா விஷம்னு வெச்சுக்குங்க. நின்னா, அன்னியோட வாய மூடிக்குங்க."

இதை நான் உன்னிடம் பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் குடும்ப ரத்தம் அப்படி, எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் முன்னால் இதேபோல் நின்றவர் என்று ஆரம்பித்தேன். நீ தாத்தாவைக் காதில் வாங்கவே இல்லை. கிழங்கு எந்தக் கொல்லையிலிருந்து வந்தது என்று கேட்டாய்.

வழக்கமாக எடுக்கிற இடத்தில் தீர்ந்துபோய், திருவிழாவுக்கென்று ஒரு சாக்கு வேறு இடத்தில் வாங்கி அதிலிருந்தும் சுட ஆரம்பித்திருந்தாள், மழை இல்லாமல் காய்ந்த கொல்லை என்றேன். ஊறப்போட்டாளா என்றாய். அவள் எடுக்கிற கிழங்கு தித்திப்புக் கிழங்கு, ஊறப்போடுகிற பழக்கமே இல்லை என்றேன்.

நீ கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தாய். "தண்ணி காட்டாத கொல்லையில கிழங்கு கசக்கும்டா. அது தன்னைக் காப்பாத்திக்க விஷத்தை ஏத்தி வெச்சுக்கும். ஊறவெச்சுத் தண்ணிய மாத்தி மாத்தி வடிச்சாத்தான் எறங்கும். அந்த விஷம் என்ன பண்ணும் தெரியுமா. தங்கத்தையே கரைக்கும். சொரங்கத்துல மண்ணுலேர்ந்து தங்கத்தைப் பிரிச்சு எடுக்கறதே அதை வெச்சுத்தான்."

அப்போதுதான் நம் இருவர் கண்களும் சூளைச் சுவரில் சாய்ந்திருந்த குப்பிக்குப் போயின. தங்கக் கொத்து மிதக்கிற தண்ணீர். மாவில் விஷம் இருந்தால் கொத்து கலையும், சிவப்பு அணையும். இல்லையென்றால் எரிந்துகொண்டே இருக்கும். தேர் மறுநாள்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்று டிரம்மில் மிச்சம் இருந்த பழைய மாவு. இன்னொன்று புதுச் சாக்கு மாவு. சாயங்காலம் தங்கச்சி அடை சுடப்போவது அந்தச் சாக்கிலிருந்துதான். டிரம்மில் தட்டு நிறைய வராது. ஊருக்குள் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ உன் கண்ணாடிக் குழாய்களை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாய். போய் எடுத்து வர ஸ்ரீமுஷ்ணம் பஸ் திருவிழாக் கூட்டத்தில் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. பீங்கான் ஊரில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைத் தேடுவதா என்று கேட்டு, என் பச்சை நிறக் கப்புகளை எடுத்துக் கழுவி வைத்தேன். இந்தியாவில் எங்கள் ஊர்ப் பீங்கான் புகாத வீடு கிடையாது. நீயும் வேறு வழியில்லாமல் சரி என்றாய்.

இரண்டு மாவையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்தாய். இரண்டு கப்பில் சிவப்புத் தண்ணீர். பழைய மாவு நீர் ஒன்றில், புது மாவு நீர் ஒன்றில். நீல டார்ச்சோடு அட்டைப் பெட்டியை மூடி, நான் குத்திக் கொடுத்த துளை வழியாகப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னாய்.

இரண்டும் அணைந்துகொண்டிருந்தன. முதலில் ஓரம், பிறகு நடு. நான் பார்க்கும்போதே கரி மாதிரி ஆகிவிட்டன.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் முதுகை வைத்து அப்படியே கீழே உட்கார்ந்தார். பழைய மாவும் விஷம் என்றால் இத்தனை நாள் ஊர் தின்றது என்ன, அவர் பிள்ளைகள் காலையில் தின்றுவிட்டுப் போனது என்ன. நான் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, ரெண்டும் விஷம், எதையும் தொடாதே என்று கத்திவிட்டேன்.

நீ மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. இன்னொரு கப்பை எடுத்தாய். சிவப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் குடத்துத் தண்ணீரை விட்டாய். மாவே இல்லாத வெறும் தண்ணீர். மூடினாய். காத்திருந்தோம். திறந்தால் அதுவும் கரி.

நீ அந்தக் கப்பைக் கவிழ்த்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "டேய், இந்தப் பச்சைக்கு என்ன போடறீங்க?"

செம்புப் பொடிதான் என்றேன். மேல்பூச்சில் அதைக் கலந்து சுட்டால் பச்சை வரும். உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

"அதான். நம்ம தண்ணியில காஸ்டிக் இருக்குது. அது மேல்பூச்சை அரிச்சுக் கொஞ்சம் செம்பை எடுத்துட்டு வருது. இந்தத் தங்கத்துக்குச் செம்பு பட்டாலே ஆகாது. அணைச்சது மாவு இல்லடா, கப்பு."

எங்கள் ஊர்க் கப்பைக் குறை சொல்கிறாயே என்று வழக்கு வைக்கிற நேரமா அது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. நான் மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, "கப்புதான் மாப்ளே. கப்பு பண்ண வேல" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தார். "அப்ப மாவுல ஒண்ணும் இல்லீங்களா சார்" என்று கேட்டவர், நீ வாயைத் திறப்பதற்குள் வெளியே ஓடி ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். நீ வாசல் வரை போய்க் கையை ஆட்டினாய். மேளச் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை.

நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. "கப்பு தப்புன்னா மாவு சரின்னு ஆயிடுமாடா? நாம இன்னும் மாவைப் பாக்கவே இல்ல."

நான் ஓடினேன். பேட்டை முனை டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் கிடந்த கண்ணாடி கிளாஸ்களை விரலாலேயே எடுத்துக்கொண்டு வந்தேன்; கொப்புளம் பல நாள் இருந்தது. சரி, சிவந்திருந்தது. மூன்று கிளாஸ். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் டிரம் மாவு, ஒன்றில் சாக்கு மாவு. பெட்டியை மூடிவிட்டு நீ தரையில் உட்கார்ந்தாய். நான் துளையில் கண்ணை வைத்தேன்.

மூன்றும் எரிந்தன. எனக்குக் கோயிலுக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறும் தண்ணீர் அப்படியே நின்றது. டிரம் மாவு ஒரு பொட்டு மங்கி, அதோடு நின்றது. மூன்றாவதில், மேற்கே பொழுது சாய்கிற மாதிரி, எந்த நொடியில் குறைந்தது என்று சொல்ல முடியாமல் குறைந்துகொண்டே போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டு கிளாஸ் சிவப்பு. ஒரு கிளாஸ் இருட்டு.

நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ எழுந்து, பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றாய்.

அந்த நேரத்தில் உன்னை அடித்திருப்பேன். அங்கே அடுப்பு மூட்டியிருப்பாள், அடையைத் திருப்பிப் போட்டிருப்பாள், நீ இங்கே இன்னொரு தடவை என்கிறாய். நீ கிளாஸை மாற்றிக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "மொத தடவ அவசரப்பட்டுத்தான் கப்பை நம்பினோம். நீ ஃபோன் போடு. நான் பாக்கறேன்."

போட்டேன். அவள் எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். அந்தச் சாக்கு மாவைத் தொடாதே என்றேன். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணே, மத்தியானம் நீதான் ரெண்டும் விஷம்னு சொன்ன. அப்புறம் கப்புதான் காரணம்னு நீ சொன்னதா இவரு வந்து சொன்னாரு. இப்ப மறுபடியும் விஷமா? பொறந்ததுலேர்ந்து உன் கதையக் கேட்டுட்டு இருக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் விடு."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நான் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் நம்ப ஒரு ஆள் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடையில் என் கதைக்குச் சிரிக்கிற ஆட்கள்தானே அங்கே நிற்கிறவர்கள். அந்த ஊரில் ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும் என்றால் அது உன் வார்த்தைதான். நீயோ பெட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாய்.

இரண்டாவது தடவையும் அதே கிளாஸ்தான் அணைந்தது. நீ பெட்டியை மூடினாய். "போலாம்" என்றாய்.

மொபெட்டில் உன்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நான் ஓட்டியதைப் பற்றி ஊரில் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்கரை வரைக்கும்தான் ஓட்ட முடிந்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. வடம் பிடித்த கூட்டம் அப்படியே கலைந்து ரோடு முழுக்க வந்துகொண்டிருந்தது. வண்டியை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு நடந்தோம். உன் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் முன்னால் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனேன், நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன் மூச்சு இரைக்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கொஞ்சம் நில்லு என்று நீ சொல்லவே இல்லை.

ஜங்ஷன் ரோட்டில் வண்டியைச் சுற்றி வட்டமாக ஆட்கள். சில பேர் செல்ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அந்த மருமகள்கூட ஓரமாக நின்றிருந்தாள். தங்கச்சி புதுப் புடவை கட்டியிருந்தாள். இடது கையில் தட்டு. தட்டில் அடுக்கிய அடை. வலது கையில் பிட்டு எடுத்த முதல் துண்டு.

நான் "தின்னாத" என்றேன். அவள் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கூட்டத்தில் யாரோ, வந்துட்டாரு கதாசிரியரு என்றான். சிரிப்பு கிளம்பியது.

நீ என் தோளை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றாய். விஷம் என்று சொல்லவில்லை. விஞ்ஞானம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையையும் நீட்டினாய்.

"பசிக்குதும்மா. அந்தத் தட்டை இப்படிக் குடு."

நீ அவள் வண்டியில் ஒருநாளும் கை நனைத்தவன் இல்லை. டீயைத் தவிர வெளியில் எதையும் தொடாத வீட்டுக்காரன். ஊர் முழுக்கத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்து கேட்கும்போது, சோறு வைத்துப் பிழைக்கிறவள் இல்லை என்று எப்படிச் சொல்வாள். அவள் கண் நிறைந்துவிட்டது. தன்னை நம்பி முதலில் சாப்பிட நீ வந்திருப்பதாக நினைத்தாள். கையில் இருந்த துண்டையும் தட்டிலேயே வைத்து, உன் கையில் கொடுத்தாள்.

நீ சாப்பிடவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாய். "இந்தச் சாக்கு மாவை யாரும் திங்கக் கூடாது. பழைய மாவுல எனக்கு ஒண்ணும் தெரியல. இதுல தெரியுது. கெட்டது கெழங்குதான். இவங்க கையில தப்பு இல்ல."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அப்ப விஷந்தானா என்று ஒருத்தன் ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் அதில் முங்கிவிட்டது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் பின்னால் நகர்ந்தது.

தங்கச்சி உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. "சோறு கேட்டீங்கன்னு குடுத்தேன் சார். நீங்க கேட்டது சோறு இல்லையா."

உன் கையில் தட்டு நடுங்கியது. அதுதான் அன்று நான் பார்த்ததிலேயே பயங்கரமானது. அணைந்த கிளாஸ்கூட அதற்கு அப்புறம்தான்.

அன்றே மாப்பிள்ளை கோபத்தில் அந்தச் சாக்கை மணிமுத்தாற்று மணலில் கொட்டி எரித்துவிட்டார். மறுநாள் காலையில் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பிடி மாவு இருந்தால் போதும், பெரிய லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று கேட்டாய். அவள் கதவைத் திறக்கவே இல்லை. ஆற்றுக்குப் போய்ப் பார்த்தோம். சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை.

பிறகு அரசாங்க முடிவு வந்தது. மாவில் குறை இல்லை. அவர்கள் எடுத்துப் போனது டிரம்மில் இருந்த பழைய மாவு. ஆனால் அந்த வித்தியாசத்தை யார் கேட்கப்போகிறார்கள். தங்கச்சி அந்தத் தாளை வண்டியில் ஒட்டிவைத்து மறுபடி அடுப்பு மூட்டினாள். பாவம் அந்தப் பொம்பளை, முட்டையில தங்கம் எடுக்கிற வாத்தியார் பேச்சைக் கேட்டு ஊரே அவளை அசிங்கப்படுத்திச்சு என்று பேச்சு அப்படியே உன் பக்கம் திரும்பியது. நீ கடைவீதியில் போனால் முட்டை வேணுமா சார் என்று குரல் வரும்.

நான் சும்மா விடுவேனா. டீக்கடையில் எழுந்து நின்றேன். அந்தச் சாக்கில் ஒரு அடை தின்றிருந்தால் தேர் இழுத்த கூட்டம் மொத்தமும் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும், என் சிநேகிதன் இந்த ஊரையே காப்பாற்றியவன் என்று முழங்கினேன். நீ பக்கத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தாய். என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய்.

"எனக்காகக்கூட ஜோடிக்காதடா. ரெண்டு தடவ அணைஞ்சிச்சுன்னு மட்டும் சொல்லு. அந்தக் கெழங்குல வேற எதுனா இருந்து அணைச்சிருக்கலாம். அவங்க பாத்தது டிரம்மு, நாம பாத்தது சாக்கு. ரெண்டு பேரும் பாத்தது சரியாவே இருக்கலாம்."

அவ்வளவுதான் நீ உனக்காக வாதாடியது. ஐப்பசி வரை அந்தப் பேரோடு நடந்தாய். உன்னைக் கிடத்தியிருந்தபோது தங்கச்சி வந்தாள். தெருமுனையில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்காமல் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம். பொங்கலுக்குக்கூட நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

போன வாரம் போனேன். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள், போகாமல் இருக்க முடியவில்லை. பின்வாசலில் தங்கச்சி ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தொட்டி நிறைய தோல் சீவிய கிழங்கு, தண்ணீரில் மூழ்கி. தித்திப்புக் கிழங்குதான், வழக்கமாக எடுக்கிற இடத்துக் கிழங்குதான். அதைப் போய் ஊறப்போட்டிருந்தாள். ஓரத்தில் வடித்துவிட்ட தண்ணீர் இன்னும் ஈரமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போதிருந்து இப்படி என்று நான் கேட்கவில்லை.

கிழங்கை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அண்ணே. அன்னிக்கு நான் அந்தத் தட்டைத் தின்னிருந்தா செத்திருப்பனா?"

என் வாய் அந்த நேரத்தில் எப்படி ஊறியது என்று உனக்கு மட்டும்தான் புரியும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உன் பேர் நிமிர்ந்துவிடும். அவள் ஊரெல்லாம் போய் உன்னைத் தெய்வம் என்பாள், முட்டை என்று கத்தியவர்கள் வாய் அடைபடும். இல்லை என்று சொன்னாலும் போதும். அவள் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும். இரண்டுக்கும் என்னிடம் கதை தயாராக இருந்தது. நல்ல கதைகள். ஒன்றில் நீ கனவில்கூட வருவாய்.

"தெரியலம்மா" என்றேன். "செவப்பு அணைஞ்சிச்சு. கிளாஸை மாத்தி மறுபடி பாத்தப்பவும் அணைஞ்சிச்சு. என் கண்ணால பாத்தது அவ்வளவுதான்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என் வாயில் தெரியல என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. பிறகு கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சாரு கை அன்னிக்கு நடுங்குச்சு" என்றாள். "நானும் பாத்தேன்."

உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது 'தெரியல' என்ற அந்த ஒரு சொல்தான், மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அதை முதல்முறையாக வெளியில் எடுத்த இடம் அவள் பின்வாசல். அது வேலை செய்ததா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் மாற்றிய தண்ணீர் தொட்டியில் தெளிவாக நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் புடிண்ணே. இன்னொரு தடவ மாத்திடலாம்."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தொட்டியைச் சாய்த்தோம்.